சிங்கப்பூர் – நெவார்க்: 15,344 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா? உண்மையான பயண நேரம் எவ்வளவு?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மா திருச்சியில் இருக்கிறார். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் தங்கைக்கு டிசம்பரில் பிரசவம். அம்மா முதலில் சிங்கப்பூரில் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, நவம்பர் நடுவில் அங்கிருந்தே நெவார்க் போவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். நடுவில் எங்கும் இறங்காத விமானம் என்பதால் அண்ணன் அதிலேயே பிடிவாதமாக நிற்கிறான்.

தூரமும் நேரமும் எவ்வளவு என்று பார்க்கலாம் என உட்கார்ந்தேன், குழப்பம்தான் மிச்சம். ஒரு தளம் 15,344 கி.மீ., 17 மணி நேரம் என்கிறது. இன்னொன்று அதே 15,344 கி.மீ.க்கு 19 மணி 40 நிமிடம் காட்டுகிறது. மூன்றாவதில் வெறுமனே 8,285 என்று இருக்கிறது, எந்த அளவில் என்று சொல்லவில்லை. விமான நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் வெளியிட்ட செய்திக்குறிப்பில் 16,700 கி.மீ., 18 மணி 45 நிமிடம் வரை என்று போட்டிருக்கிறார்கள். இருப்பது இரண்டே ஊர், இத்தனை கணக்கு எங்கிருந்து வருகிறது? அம்மாவுக்கு 67 வயது. இரத்த அழுத்த மாத்திரை, முழங்கால் வலி எல்லாம் உண்டு. எதை நம்பி அவரிடம் சொல்வது?

தேக்காக்காரன்

டிக்கெட்டில் உள்ள நேரத்தை நம்புங்கள். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. பதினெட்டரை மணியிலிருந்து பத்தொன்பது மணிக்குள் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நூலும் கோளமும்

தேக்காக்காரரே, கேள்வி கேட்டவர் காரணத்தையும் கேட்கிறார். அதைச் சொல்லாமல் போவது நியாயமா?

முதலில் எண்கள். 15,344 கி.மீ., 9,534 மைல், 8,285 கடல் மைல் ஆகிய மூன்றும் ஒரே தூரம்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானத் துறை முழுவதும் அதில்தான் கணக்குப் பார்க்கிறது. அடுத்தது நேரம். அந்தத் தளங்கள் எதுவும் விமானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒன்று தூரத்தை 900-ஆல் வகுத்தது, 17 மணி வந்தது. இன்னொன்று 800-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தது, 19.40 வந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு இப்படிக் கணக்குப் போட்டால் வித்தியாசம் அரை மணியோடு போய்விடும். இந்தத் தூரத்தில் இரண்டரை மணி நேரம் இடிக்கிறது.

15,344 என்பது பூமி உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். அது எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் வியந்துபோவீர்கள். வீட்டில் பள்ளிக்கூட உலக உருண்டை இருந்தால் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை நெவார்க்கை ஒட்டியுள்ள நியூயார்க் வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் பசிபிக் பக்கம் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. செங்குத்தாக வடக்கே ஏறும். தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் சிச்சுவான், மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா என்று போய், வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் உரசிக்கொண்டு, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், பாஃபின் தீவு, கியூபெக் வழியாக இறங்கும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104-இல் இருக்கிறது, நியூயார்க் வட்டாரம் மேற்கு 74-இல். கூட்டினால் 178. 180 ஆகியிருந்தால் இரண்டும் துருவத்துக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு இடையில் குறுக்கு வழி துருவத்தின் தலைமேல்தான்.

தட்டையான சுவர் வரைபடத்தில் இதைப் பார்க்கவே முடியாது. அதில் துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல் மேல் விளிம்பு முழுவதும் ஒரு கோடாகப் பரந்து கிடக்கிறது.

தராசு

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போன ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். என் மைத்துனர் அமெரிக்கா போனபோது எதிரே இருந்த திரையில் ஜப்பானைக் காட்டியதாம். திரும்பி வரும்போது துருக்கி. வட துருவம் வரவே இல்லை. குறுகிய வழி என்று ஒன்று இருந்தும் அதில் யாரும் போகவில்லை என்றால், அந்த 15,344-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேல்காற்று

பணியில் இருந்த காலத்தில் நெடுந்தூர விமானங்களுக்கு அன்றன்றைய பாதை போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தராசின் மைத்துனர் பார்த்தது சரி. நூல் பிடித்தவர் சொல்வதும் சரி.

விமானத்துக்குத் தரை ஒரு பொருட்டே அல்ல. அது காற்றுக்குள் போகிறது. இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் நிலவும் மைனஸ் 56 டிகிரிக் குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. அந்தக் காற்றே கிழக்கு நோக்கி 150 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், கிழக்கே போகிற விமானம் தரையைப் பொறுத்தவரை 1,050 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிர்த்து வந்தால் 750. ஆற்றில் படகு விடுகிறவனுக்கு இது பழகிய கணக்கு.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். துருவ வழி 15,344 கி.மீ. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் 17 மணி நேரம். பசிபிக் வழி 16,700 கி.மீ., அதாவது 1,350 கி.மீ. சுற்று. அந்த வழி நெடுகச் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. பின்காற்று கிடைத்தால் அதே 17 மணி நேரத்தில் போய்விடலாம். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டி மேலே ஓடும் ஜெட் காற்றோட்டம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது உண்டு. அப்படிப்பட்ட காற்று கிடைக்கும் இடத்தைத் தேடிப் போய் அதன் முதுகில் ஏறிக்கொள்வதுதான் எங்கள் வேலை. அதனால்தான் தென்சீனக் கடல், ஜப்பானின் கிழக்கு ஓரம், வட பசிபிக், அலாஸ்கா அல்லது மேற்குக் கனடா என்று வளைந்து போகிறது.

திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். ஆகவே நெவார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்கள் பசிபிக் பக்கம் திரும்புவதே இல்லை. அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மத்திய ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று வந்து சேரும். போவதும் கிழக்கு, வருவதும் கிழக்கு. போய்த் திரும்பியவர் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருப்பார்.

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடங்கும். நியூயார்க் வட்டாரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்பதிலேயே அரை மணி கரையும் நாட்கள் உண்டு. காற்று கைவிட்டாலும் தாமதம் என்று பெயர் வராதபடி நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடுகின்றன. 2018 அக்டோபர் 11 அன்று கிளம்பிய முதல் விமானத்துக்கு 18 மணி 25 நிமிடம் என்று அட்டவணை. அது 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

பொன்னமராவதி

ஐயா, நீண்ட நாளாக எனக்கு ஒரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் விமானம் மேற்கே போனால் ஊர் தானாக நம்மை நோக்கி வர வேண்டுமே? கிழக்கே போகும்போது ஊர் விலகி ஓட வேண்டும். நீங்கள் சொல்வது தலைகீழாக இருக்கிறது.

நூலும் கோளமும்

பூமத்திய ரேகையில் பூமியின் சுழல் வேகம் மணிக்கு 1,670 கி.மீ. நீங்கள் சொல்வது போல் நடந்தால், சிங்கப்பூரில் ஒரு ஹெலிகாப்டர் எழும்பி ஒரு மணி நேரம் சும்மா நின்றால் போதும், மேற்கே 1,670 கி.மீ. தள்ளி நடுக்கடலில் இறங்கலாம். எரிபொருள் செலவே இல்லாமல் போக்குவரத்து நடத்தலாம். அப்படி நடப்பதில்லை. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் கிளம்பும் முன்பே அந்த வேகம் அதற்கும் இருக்கிறது.

ஆனால் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெப்ப மண்டலத்திலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்புவது அந்தச் சுழற்சிதான். ஜெட் காற்றோட்டம் உருவாவதே அதனால். சுழற்சி நேரடியாக உதவவில்லை, காற்றின் வழியாக உதவுகிறது.

மேல்காற்று

அழகாகச் சொன்னீர்கள். இதோடு ஒரு செய்தி, கேள்விக்குத் தேவையில்லாதது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஜெட் காற்றோட்டத்தை முதலில் முறையாக அளந்தவர் ஒயிஷி வசபுரோ என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920-களில் ததேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். உலகில் யாரும் படிக்கவில்லை! இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திணறியபோதுதான் வெளியுலகம் விழித்துக்கொண்டது.

தராசு

எஸ்பெராண்டோ இருக்கட்டும். துருவ வழிக்கு ஏன் போவதில்லை என்பதற்குக் காற்று மட்டும்தான் காரணமா? காற்றில்லாத நாளில் போகலாமே.

மேல்காற்று

போகலாம்தான். நியூயார்க் – ஹாங்காங் விமானங்கள் பல ஆண்டுகள் துருவ வழியில் ஓடியிருக்கின்றன. அந்த வழிக்கு ரஷ்யாவின் வான்வெளி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்துவருகிறது. நூல் போகும் வழியில் பைக்காலுக்கும் துருவத்துக்கும் நடுவே ரஷ்யாதான் இருக்கிறது, விலகிப் போக இடமில்லை.

அது திறந்திருந்தாலும் துருவம் இலேசான இடம் அல்ல. வட அட்சம் 78-க்கு மேலே போகும் அமெரிக்க விமானங்களுக்குத் தனி விதிமுறைகளே உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களின் பார்வை 82 டிகிரி வாக்கில் மங்கிவிடும். சூரியப் புயல் அடித்தால் வானொலித் தொடர்பும் கெடும். எரிபொருள் உறைவதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். மற்ற நாடுகளில் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். நெவார்க்கில் நிரப்பிக்கொண்டு துருவத்துக்குக் கிளம்புகிறவர் அந்த ஏழு டிகிரியை மறக்க முடியாது. வழியில் ஒரு இயந்திரம் நின்றால் எங்கே இறக்குவது என்ற கேள்வியும் உண்டு. ஏ350-க்கு அதில் பெரிய தொல்லை இல்லை. ஒரே இயந்திரத்தில் 370 நிமிடம் வரை பறந்து இறங்கும் அளவுக்குச் சான்று வாங்கிய விமானம் அது. பசிபிக் நடுவிலும் அது உதவுகிறது.

தேக்காக்காரன்

இந்தத் தடத்தின் கதையையும் சொல்லிவிடலாம். புது விமானம் என்று நினைப்பவர்கள் நிறைய. 2004 ஜூன் 28 அன்றே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெவார்க்குக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கிவிட்டது. அப்போது ஏ340-500, நான்கு இயந்திரங்கள். 2008-இல் மற்ற இருக்கைகளை எடுத்துவிட்டு 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் வைத்து ஓட்டினார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஏர்பஸ் அந்த விமானங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஐந்து ஆண்டு இடைவெளி. 2018-இல் மிக நெடுந்தூரம் பறப்பதற்கான ஏ350-900 யு.எல்.ஆர். வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். கொரோனாவில் நின்றது. 2020 நவம்பரில் முதலில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும், 2022-இல் நெவார்க்குக்கும் திரும்பவும் ஓடத் தொடங்கியது. கென்னடிக்கு 15,349 கி.மீ., நெவார்க்கைவிட ஐந்து கிலோமீட்டர் அதிகம். அந்த ஐந்தை வைத்துத்தான் உலகின் மிக நீண்ட விமானப் பயணம் என்ற பட்டம் கைமாறியது!

தராசு

நான்கு இயந்திரத்தில் ஓட்டி, கட்டுப்படியாகாமல் நிறுத்தியதிலேயே பாடம் இருக்கிறது. எரிபொருளைச் சுமந்துபோவதற்கே எரிபொருள் எரிக்கும் வியாபாரம் இது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மேல்காற்று

தராசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. யு.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் கொள்ளும், சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். முழுக்க நிரப்பினால் எடை 130 டன்னைத் தாண்டும். விமானம் எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன். கிட்டத்தட்டப் பாதி எரிபொருள். புறப்பட்ட முதல் சில மணி நேரம், கடைசியில் எரிக்கப்போகும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு பறப்பதற்காகவே எண்ணெய் எரிகிறது. முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. இருக்கைகளும் 161 மட்டுமே. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. காவிரிக்கரைத் தம்பி இதைக் கவனிக்க வேண்டும், டிக்கெட் விலை அதற்கேற்றபடிதான் இருக்கும்.

நடுவில் இறங்குவதைப் பற்றி: அதே நிறுவனம் பிராங்பர்ட் வழியாகவும் நியூயார்க் போகிறது. சிங்கப்பூர் – பிராங்பர்ட், பிராங்பர்ட் – நியூயார்க் இரண்டின் குறுகிய தூரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 16,500 கி.மீ. வருகிறது. செய்திக்குறிப்பில் உள்ள 16,700-ஐவிடக் குறைவு! ஆனால் அது முழுவதும் மேற்கு நோக்கி, எதிர்காற்றில். நடுவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் நேரடி விமானத்தைவிடப் பல மணி நேரம் கூடுதல். தூரத்தை வைத்து நேரத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஃபிளஷிங்வாசி

நான் கென்னடி விமானத்தில் போய் வருகிறவள். வயதானவர் அனுப்பப்படுகிறார் என்பதால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கணக்கைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு தாமதமாகக் கிளம்பும் விமானத்தில் ஏறினால் ஒரே பயணத்தில் இரண்டு இரவுகள் வரும். கிளம்பியதும் சாப்பாடு, விளக்கணைப்பு. பிறகு பசிபிக்கின் மேல் எங்கோ ஜன்னல் மூடியின் விளிம்பில் ஆரஞ்சு நிறக் கோடு விழும். அதுதான் விடியல், சிங்கப்பூரில் அப்போது இன்னும் நல்ல இருட்டு. விமானம் சூரியனை எதிர்கொண்டு போவதால் அந்தப் பகல் சின்னப் பகல். நம் உடம்பு காலைப் பலகாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே மறுபடி சூரியன் மறைந்துவிடும். பிறகு இன்னோர் இரவு, அதன் முடிவில் நியூயார்க்கின் அதிகாலை. எதிரே உள்ள திரையில் தரை வேகம் ஒரு கட்டத்தில் 1,100 கி.மீ.யைத் தாண்டும். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பைலட்டுக்கு வீட்டில் ஏதாவது அவசரமா அம்மா?" என்று கேட்டார். மேல்காற்று ஐயா சொன்ன பின்காற்றுதான் அது என்று இப்போது புரிகிறது.

கஷ்டம் உட்கார்ந்திருப்பதில் இல்லை, எப்போது தூங்குவது என்று தெரியாததில்தான் இருக்கிறது. இரண்டாவது இரவில் தூங்குகிறவர் பிழைத்துக்கொள்வார். முதல் இரவு முழுவதும் தூங்கி, சின்னப் பகலில் காபி குடித்துவிட்டு, இரண்டாவது இரவில் விழித்துக் கிடந்தால் எடிசன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வாரம் படுக்கைதான். வழிநடை ஓர இருக்கை வாங்குங்கள். முழங்கால் வலிக்காரர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பத் தயங்கியே நடக்காமல் இருந்துவிடுவார். சைவச் சாப்பாட்டை முன்பதிவிலேயே குறித்துவிடுங்கள். ஏறிய பிறகு கேட்டால் அநேகமாக ரொட்டியும் பழமும்தான்.

காவிரிக்கரை

அக்கா, மிக்க நன்றி, இதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன். மேல்காற்று ஐயா, பிரீமியம் எகானமி விலையைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனை வருகிறது. சிங்கப்பூரை விட்டுவிட்டுத் திருச்சியிலிருந்தே துபாய் வழியாக அனுப்பினால் என்ன? அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு போய்க்கொள்ளலாம்.

நூலும் கோளமும்

தூரத்தை மட்டும் பார்த்தால் அதில் கேள்வியே இல்லை. நான் கணக்கிட்டுப் பார்த்தேன். திருச்சியிலிருந்து நியூயார்க்குக்கு நேர்த் தூரம் சுமார் 13,640 கி.மீ. திருச்சி – துபாய் சுமார் 2,940, துபாய் – நியூயார்க் சுமார் 11,020. மொத்தம் 13,960. நேர்க்கோட்டை விட்டு 320 கி.மீ.தான் விலகுகிறோம். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் எதிர்த்திசையில் ஏறக்குறைய 3,000 கி.மீ. போய்விட்டு, அங்கிருந்து 15,344. மொத்தம் 18,300-க்கு மேல். நேர்த் தூரத்தைவிடச் சும்மா 4,700 கி.மீ. அதிகம்.

தேக்காக்காரன்

"சும்மா" என்கிறீர்கள். அம்மா பேரனுக்கு முன்னால் மூத்த மகனைப் பார்க்கப் போகிறார். அது எந்தக் கணக்கில் வரும்?

தராசு

உணர்ச்சிவசப்படாமல் பாருங்கள். துபாய் வழியில் 14 மணி நேர விமானமும் ஒரு நான்கு மணி நேர விமானமும். நடுவில் கால் நீட்டி நடக்கலாம். எகானமி டிக்கெட் கிடைக்கும். வயதானவருக்கு 18 மணி நேரம் ஒரே நாற்காலி எதற்கு?

ஃபிளஷிங்வாசி

தராசு, நீங்கள் நடக்கலாம் என்று சொல்லும் அந்த இடைவெளிதான் தனியாக வரும் அம்மாக்களுக்குப் பயம். அறிவிப்புப் பலகையில் வாயில் எண் மாறிவிடும். ரயில் ஏறி வேறு கட்டடத்துக்குப் போகச் சொல்வார்கள். என் மாமியார் இடைநிலை விமான நிலையம் ஒன்றில் சக்கர நாற்காலிக்குப் பதிவு செய்திருந்தும், ஒரு மூலையில் உட்கார்த்திவைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. விமானம் கிளம்பச் சற்று முன்னால்தான் வேறொருவர் கண்டு அழைத்துப் போனார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, கைப்பேசியில் உள்ளூர் இணைப்பும் இல்லை. நேரடி விமானத்தில் அந்தத் தொல்லை இல்லை. அண்ணன் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் உள்ளே அனுப்பிவைப்பார், தங்கை வீட்டுக்காரர் நெவார்க்கில் வாசலில் நிற்பார். நடுவில் தொலைந்துபோக இடமே இல்லை.

மேல்காற்று

தூரம் அளக்கிறவர் கிலோமீட்டரைப் பார்ப்பார். நாங்கள் எரிபொருளைப் பார்ப்போம். வயதானவரை அனுப்புகிறவர் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்று பார்க்க வேண்டும். என் வீட்டில் என்றால் பணம் இடம்கொடுக்கும் வரை நேரடி விமானம்தான். கையில் பணம் இல்லை என்றால் துபாய் வழி, ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கி மிச்சம் பிடிக்கப் போய், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான்.

பொன்னமராவதி

ஐயா, இதைவிட நீண்ட விமானம் வரப்போகிறதாமே, ஆஸ்திரேலியாவிலிருந்து?

மேல்காற்று

ஆமாம், குவாண்டஸ் நிறுவனத்தின் சிட்னி – லண்டன் திட்டம். நேர்த் தூரமே சுமார் 17,000 கி.மீ. அதற்காகவே 2022-இல் 12 ஏ350-1000 விமானங்கள் கேட்டிருக்கிறார்கள். 2019-இல் சோதனைக்காக நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு மிகச் சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு 19 மணி 16 நிமிடம் பறந்து காட்டினார்கள். லண்டன் பக்கம் எதிர்காற்று நாளில் 20 மணியைத் தாண்டிவிடும். நம் அம்மாக்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

காவிரிக்கரை

அண்ணனிடமும் தங்கையிடமும் பேசிவிட்டேன். மூவரும் பங்கு போட்டு நேரடி விமானத்தில் பிரீமியம் எகானமி எடுக்கிறோம், வழிநடை ஓரம், சைவச் சாப்பாடு. கடைசியாக ஒரு சந்தேகம். நிறுவனம் 2018-இல் முதலில் அறிவித்த அட்டவணையில் சிங்கப்பூரில் இரவு 11.35-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு நெவார்க் என்று இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஆறரை மணி நேரம்தானே என்று நிம்மதியாக இருக்கிறார். மாத்திரையை எந்தக் கடிகாரப்படி போடச் சொல்வது?

மேல்காற்று

அந்த அட்டவணை அக்டோபருக்கானது. அப்போது நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கும். ஆறரையோடு 12-ஐக் கூட்டினால் பதினெட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், அதன் பிறகு வித்தியாசம் 13. நீங்கள் நவம்பர் நடுவில் அனுப்புவதால் 13-ஐ வைத்துக் கூட்டுங்கள். இறங்கும் நேரமும் அதற்கேற்ப மாறியிருக்கும், பழைய அட்டவணையைப் பார்த்து மாப்பிள்ளையை விமான நிலையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குவதே முறை. அவரிடம் போகும்போது "காலையில் ஒன்று" என்று சொல்லாமல், கடைசி மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும் வரை சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் போட்டால் அது சரக்கு அறைக்குள் போய்விடும்.

ஃபிளஷிங்வாசி

மருந்துச் சீட்டின் நகலும் கூடவே இருக்கட்டும். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாங்கியில் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.